சாக்கும் சரக்கும்

ஓடாது. அதைத்தான் முதலில் எழுதினேன்.
பிறகு: சிவப்பு, இரண்டே இருக்கை, அலுமினிய உடம்பு, ஐம்பத்தெட்டாம் வருடம்.
எஞ்சின் இறுகிவிட்டது.
ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில்
வண்டியின் தரை இல்லை, என் தரை இருக்கிறது.
இருக்கைப் பஞ்சுக்குள் எலிகள்,
அவற்றுக்குத் தனி விலை கிடையாது.

வெர்செல்லிக்குத் தெற்கே
என் நெற்கிடங்கின் மூலையில்
முப்பத்தொரு வருடம் உமித்தூசி குடித்தது.
எனக்கு அதன்மேல் காதல் ஒன்றும் இல்லை.
ரவிஸ்ஸா என்றொருவர் மூலையை வாடகைக்குக் கேட்டார்,
பதினான்கு மாதம் ஒழுங்காகக் கொடுத்தார்.
லீரா போனது, யூரோ வந்தது, ரவிஸ்ஸா வரவில்லை.
பாக்கிக்கு வண்டி என்று நீதிமன்றம் கொடுத்த காகிதம்
வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

போன்கள் வந்தன.
பொலோன்யாக்காரருக்கு ஸ்டியரிங் மட்டும் போதுமாம்.
பெர்கமோவிலிருந்து ஒரு பையன்
மோட்டார் சைக்கிளும் மேலே ஒரு காபி மெஷினும் தருவானாம்.

ஏப்ரலில், வயலெல்லாம் தண்ணீர் நிறுத்திய வாரம்,
வின்டர்தூரிலிருந்து வந்தார் ட்சும்ஸ்டைன்.
சுத்தமான ஷூ. துணியில் சுற்றிய காந்தம்.
பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு குட்டிக் கண்ணாடி.
தர்பூசணி பொறுக்குகிறவர் போல
மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டினார்.
எஞ்சினைச் சும்மா பார்த்தார்.
அதன் பின்சுவரில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று;
எச்சில் தொட்டுத் துடைத்தார்,
எண்ணைப் படித்தார், மறுபடி படித்தார்,
பிறகு வானத்தைப் பார்த்தார்.
எனக்கு அந்தப் பார்வை தெரியும்.
விலை முடிவு செய்துவிட்ட அரிசி வியாபாரியின் பார்வை.

சொன்ன தொகை
நான் கேட்கக் கூச்சப்பட்டதைப் போல இரண்டு மடங்கு.
"காகிதமும் தகடும் போதும், சிஞ்ஞோரா பார்பெரிஸ்.
மீதியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்."

அப்புறம் உங்களிடம் என்ன இருக்கும் என்றேன்.
"புதிதாகச் செய்கிறோம். அளவெல்லாம் கையில் இருக்கிறது.
எண்ணை அதில் பதித்தால், அதுதான் இது."
அப்பத்தைத் தூக்கிப் பிடித்த பாதிரியாரின் குரல்.

எங்கள் கூட்டுறவில் மொஸ்ஸீனோ
கார்னரோலிச் சாக்கில் வேறு அரிசி கட்டினான், ஐந்து லாரி.
எடைச்சீட்டில் கையெழுத்து என்னுடையது.
நோவாராவில் ஒரு சமையல்காரி
கரண்டி போட்டுக் கிளறியபோதுதான் வெளிவந்தது:
மணிமணியாக நிற்க வேண்டியது
கஞ்சியாய்ப் போனது.
அபராதத்தை எட்டுத் தவணையில் கட்டினேன்.
சாக்கு எதையும் சொல்லும். சரக்குத்தான் வாய் தவறும்.

முடியாது போங்கள் என்றேன் என்று எழுத ஆசை.
கிடங்குக்கு ஓடு மாற்ற வேண்டும்.
பம்பு மோட்டார் போன வருடமே புகைந்துவிட்டது.
"தகட்டைக் கழற்ற விடமாட்டேன்.
எடுத்தால் முழுசாக எடுங்கள், எலிக்கூடு உட்பட."
லாரி வாடகையைக் கணக்குப் போட்டார். வெட்டிச் செலவு என்றார்.
இருக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை லாரி வந்தது.
டயர் நான்கும் சிமெண்டோடு ஒட்டிப்போயிருந்தன.
விஞ்சு இழுக்க, பழைய பிளாஸ்திரி பிய்கிற சத்தம்.
வரப்புச் சாலையில் பின்பக்கம் முன்னால் போனது.
தவளைகள் வாயை மூடிக்கொண்டன.
இரண்டு பக்கத் தண்ணீரிலும் தலைகீழாக இன்னும் இரண்டு வண்டி,
அவற்றில் துரு தெரியவில்லை.

எல்லை தாண்டியதும் திருப்புளியை எடுத்திருப்பார்.
எனக்குத் தெரியாதா.
கையெழுத்துப் போடும்போதும் தெரிந்துதான் இருந்தது.

மூலையைப் பெருக்கினேன்.
ஒரு நட்டு கிடந்தது.
அதனுடையதா, டிராக்டருடையதா, சொல்ல முடியாது, எண் ஒன்றும் இல்லை.
பரம்புச் சட்டத்தில் ஒரு போல்ட்
இரண்டு வருடமாகக் கம்பிக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
வைத்துப் பார்த்தேன்.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்,
மூன்றரைச் சுற்று.